ஓய்வுபெற்ற பாலங்கள் பாடம் நடத்தட்டும்



பொறியியல் கலந்தாய்வு நெருங்கும்போதெல்லாம் "சிவில் எடுக்கலாமா? எந்தக் கல்லூரி நல்லது?" என்று கேட்டுக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. வேலைவாய்ப்பு, விடுதி, கட்டணம் எல்லாவற்றையும் பெற்றோர் தீர விசாரிக்கிறார்கள். கூடவே ஒரு கேள்வியையும் கேட்கச் சொல்வேன்: "எங்கள் பிள்ளையை எந்தப் பாலத்துக்கு அழைத்துப் போவீர்கள்?"

தொழிற்சுற்றுலா என்ற பேரில் பேருந்தில் போய், குழுப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதை நான் சொல்லவில்லை. நிற்கும் பாலம் ஒன்றை அளந்து, தட்டி, கணக்குப் போட்டு, "இது இன்னும் எவ்வளவு பாரம் தாங்கும்?" என்ற கேள்விக்கு மாணவர்களே அறிக்கை எழுத வேண்டும். அதைத்தான் சொல்கிறேன்.

வகுப்பறைக் கணக்கில் எல்லாம் கொடுக்கப்பட்டிருக்கும். இடைவெளி 10 மீட்டர், கான்கிரீட்டின் தரம் இது, கம்பியின் தரம் இது, பாரம் இவ்வளவு. சூத்திரத்தில் போட்டால் விடை வந்துவிடும். ஆற்றங்கரைக்கு வந்து பழைய பாலத்தின் அடியில் நின்றால் எந்த எண்ணும் கையில் இருக்காது. வரைபடம் எங்கோ ஒரு அலுவலக அலமாரியில் கரையான் தின்றிருக்கும். கான்கிரீட்டுக்குள் கம்பி எத்தனை, எவ்வளவு தடிமன் என்று யாரும் சொல்ல முடியாது. கொடுக்கப்பட்ட கணக்கைப் போடத் தெரிந்த மாணவர், அந்தக் கணக்கையே தானாக உருவாக்கிக்கொள்ள வேண்டிய இடம் அது.

அங்கே கற்றுக்கொள்ள எத்தனை இருக்கிறது! சுத்தியலால் தட்டினால் நல்ல கான்கிரீட் கணீர் என்கிறது. உள்ளே பெயர்ந்தது பொத்தென்று ஒலிக்கிறது. பள்ளியில் பார்த்த பினாப்தலீன் இங்கே மறுபடி வருகிறது. புதிதாக உடைத்த கான்கிரீட்டில் தெளித்தால் காரத்தன்மை உள்ள இடம் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத இடத்தில் கம்பிக்குத் துருவிலிருந்து காப்பு போய்விட்டது என்று பொருள். மேலே மழைநீர்க் குழாய் அடைத்திருந்தால், சரியாக அதற்குக் கீழே கர்டரில் பழுப்புக் கறை வழிந்திருக்கும். ஒரு குழாயைச் சுத்தம் செய்யாததன் விலை என்ன என்று அந்தக் கறை சொல்லும் அளவுக்கு எந்தப் பாடநூலும் சொல்லாது.

அனுமதி கிடைத்தால் பாரச் சோதனையையும் பார்க்கலாம். எடை போட்ட லாரிகளைப் பாலத்தின் மேல் நிறுத்தி, நடுவில் எத்தனை மில்லிமீட்டர் தொய்கிறது என்று அளப்பார்கள். லாரிகளை எடுத்த பிறகு 24 மணி நேரத்தில், வலுவூட்டிய கான்கிரீட் என்றால், அந்தத் தொய்வில் குறைந்தது 75 சதவீதமாவது மீள வேண்டும். தாங்கியதா என்பதோடு நிற்காமல், திரும்ப எழுந்ததா என்றும் கேட்கும் சோதனை இது.

ஆனால் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. திருச்சியில் கொள்ளிடத்தின் மேல் 1928-இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் நினைவிருக்கும். பக்கத்தில் புதிய பாலம் வந்து, வாகனங்கள் அங்கே மாறிவிட்ட பிறகு, 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தன. பாலத்தின் மேல் பாரமே இல்லாத காலம் அது. தூணில் மோதும் வெள்ளம் கீழ்நோக்கிச் சுழன்று அடிமணலைக் குடைந்துவிடுகிறது. வெள்ளம் வடியும்போது அந்தக் குழியில் மணல் மறுபடி வந்து மூடிக்கொள்ளும். கோடையில் போய்ப் பார்க்கிறவருக்கு ஆறு ஒன்றுமே நடக்காததுபோல் கிடக்கும். ஆற்றைப் படிக்காமல் பாலத்தைப் படிக்க முடியாது. இதை நம் பாடத்திட்டம் இரண்டு தனித்தனித் தாள்களாகப் பிரித்து வைத்திருக்கிறது.

அதே 1928-இல் அமெரிக்காவின் ஒஹாயோ நதியில் 'சில்வர் பிரிட்ஜ்' திறக்கப்பட்டது. 1967 டிசம்பர் 15 அன்று மாலை நெரிசலில் அது விழுந்தது; 46 பேர் இறந்தார்கள். காரணம், தொங்குசங்கிலியின் ஒரே ஒரு இரும்புப் பட்டையின் துளையோரத்தில் இருந்த சுமார் இரண்டரை மில்லிமீட்டர் ஆழ விரிசல். இணைப்பைக் கழற்றினாலொழிய கண்ணுக்குத் தெரியாத இடம் அது. ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டே பட்டைகள் என்பதால், ஒன்று போனதும் எல்லாமே போயிற்று. அதன் பிறகுதான் அந்த நாட்டில் பாலங்களைக் குறித்த கால இடைவெளியில் ஆய்வு செய்ய 1971-இல் தேசிய விதிமுறைகள் வந்தன. கூர்ந்து பார்த்தாலும் தெரியாதவை உண்டு என்பதையும், எந்த உறுப்பு போனால் மாற்று இல்லை என்று முதலிலேயே கேட்க வேண்டும் என்பதையும் மாணவர் இங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

மாணவர் அறிக்கையை வைத்துப் பாலத்தைத் திறக்கவோ மூடவோ கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கையெழுத்துப் போட அனுபவமுள்ள பொறியாளர் இருக்கிறார். "ஆபத்து" என்று வாட்ஸ்அப்பில் படம் போட்டுப் பரப்புவதும் ஆய்வாகாது. போக்குவரத்து ஓடும் பாலத்தில் அனுமதி வாங்குவதும் பாதுகாப்பாக வேலை செய்வதும் ஆசிரியர்களுக்குப் பெரிய தலைவலி என்பதையும் அறிவேன்.

அதனால்தான் ஓய்வுபெற்ற பாலங்களைப் பற்றிப் பேசுகிறேன். மருத்துவ மாணவருக்கு உடற்கூறு அறை இருக்கிறது. கட்டமைப்பு மாணவருக்கு என்ன இருக்கிறது? 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்கள் நின்றன. 2025 ஏப்ரலில் புதிய பாலம் வந்துவிட்டது. நூறாண்டுக்கு மேல் உப்புக்காற்றில் நின்ற இரும்பு எந்த ஆய்வகத்திலும் செய்ய முடியாத பொருள். எங்கே அரித்தது, எங்கே பெயின்ட் காப்பாற்றியது, ரிவெட்டுக்கு அடியில் என்ன நடந்தது என்று வெட்டிப் பார்த்தே சொல்லலாம். இப்படிப்பட்ட பாலங்களைக் கழற்றும்போது, எடைக்குப் போடுவதற்கு முன்பு கர்டரில் ஒரு துண்டு, ஒரு பேரிங், ஒரு இணைப்புத் தகடு என்று கல்லூரிகளுக்குக் கொடுக்க நெடுஞ்சாலைத் துறையும் ரயில்வேயும் ஒரு நடைமுறை வகுக்கலாம். பழைய இரும்புக்குக் கிடைக்கும் விலையில் அதனால் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடாது.

வாசகர்களுக்கும் ஒரு வேலை. உங்கள் ஊர்ப் பழைய பாலம் எந்த ஆண்டு கட்டியது, எந்த வெள்ளத்தில் தண்ணீர் தூணின் எந்த மட்டம்வரை ஏறியது, முன்பு மணலுக்குள் புதைந்திருந்த அடித்தளம் இப்போது வெளியே தெரிகிறதா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பழைய படம் இருந்தால் பிரதி எடுத்து அனுப்புங்கள். ஊர், ஆறு, ஆண்டு மூன்றும் தெளிவாக இருக்கட்டும். கிடைப்பவற்றைத் தொகுத்து வெளியிடுகிறோம். கேட்கும் கல்லூரிகளுக்கும் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்