தை மாதத்து மண்வெட்டி

பொன்சாய் என்னும் யப்பானியக் கலை வன்னிக்கும் வந்துவிட்டது. தட்டில் நடப்பட்டது என்பதே அச்சொல்லின் பொருள். அதனைக் 'குறுமரம்' எனத் தமிழாக்குவாருமுளர். எனக்கு அது பொருந்துவதாகத் தோன்றவில்லை. குறுகியது மரமன்று, அது நிற்கும் நிலம். கலையை யான் வெறுப்பவனல்லன். ஓராண்டில் முடியாத தொழிலொன்றில் மாணாக்கர் மனம் வைப்பது நன்றேயாம்.

ஆனால், காலபோக நெல்லரிவு நடக்கும் தை, மாசியில் மண்வெட்டியுடன் காட்டோரஞ் செல்வதை யான் ஒப்பேன். மாரியால் மண் நெகிழ்ந்துள்ளது, மரமுந் தழைத்துள்ளது. ஆதலால் இதுவே தக்க காலம் என்பர். தோண்டுவோனுக்குத் தக்க காலந்தான், மரத்துக்கன்று. வேரிற் பெரும்பங்கு அறுந்து நிலத்திலே தங்கிவிட, இலைகளோ முன்போலவே நீரை ஆவியாக்கிக்கொண்டிருக்கும். புதுவேர் நன்கு ஓடுமுன் மழை ஓய்ந்துவிடும். தண்டில் எஞ்சிய உணவினாற் சின்னாள் பசுமை நிற்கும். அதுகண்டு பிழைத்ததென மகிழ்வர். சோளகம் வீசும் ஆனி, ஆடியில் உண்மை வெளிப்படும்.

நம் கமக்காரனைப் பாருங்கள். உலர்ந்த புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கிறான். மாரி முழுவதையும் பயிருக்கே கொடுத்துவிடுகிறான். மரம் பெயர்ப்போனும் அவ்வழியே செல்லல் வேண்டும். முதன்மழை விழும் ஐப்பசியே அதற்குரிய காலம். யப்பானியரும் இளவேனிலில் மொட்டு அவிழுமுன்னரே மலைமரங்களைப் பெயர்ப்பர்.

காலம் பிழையாதிருந்தாற் போதுமோ? எதனைத் தோண்டுவது என்பது அதனினும் பெரிய வினா. மாடு மேய்ந்தும் தீப்பட்டும் முறுகி நிற்கும் பாலை முழந்தாளளவே உயர்ந்ததாயினும் ஆண்டுகள் பல கண்டதாயிருக்கும். (சங்கநூற் பாலை வெட்பாலை என்பர், நம் வன்னிப் பாலையோ தின்னக் கனி தருவது.) அம்முறுக்கழகே அதற்குப் பகையாகின்றது. யப்பானில் இத்தோய்கவா மலைச்சரிவுகளிற் கயிறு கட்டி இறங்கிச் சிம்பக்கு மரங்களைத் தேடியவருட் சிலர் உயிரும் இழந்தனர்; பழைய மரங்கள் அங்கு அரியவாயின. நம் நாட்டிலே ஒதுக்கக் காடுகளிற் செடி கொடி பெயர்ப்பதை 1907ஆம் ஆண்டு வனக் கட்டளைச் சட்டம் தடுக்கின்றது. சட்டத்தை விடுங்கள், போர் 2009இல் முடிந்தும் கண்ணிவெடி முற்றும் அகற்றப்படாத நிலம் வன்னியில் இன்னும் உண்டு. அத்தகைய மண்ணில் ஒரு மாணாக்கன் தொட்டிமரத்துக்காக மண்வெட்டியை ஓங்குவதை எண்ணவே நெஞ்சு பதறுகின்றது.

காட்டுக்கு ஏன் போதல் வேண்டும்? கோயின் மதிலிலும் கிணற்றுச் சுவரிலும் ஆலும் அரசும் முளைத்துக் கல்லைப் பிளக்கின்றன. குளக்கட்டில் மரம் வளர்ந்தால், பின்னர் அதன் வேர் அழுகிய வழியே நீர் கசியும். இவை எப்படியும் அகற்றப்படுவன. ஆலும் அரசும் வேரறுப்பைத் தாங்குவதிலும் வல்லன. சுவரிடுக்கில் நெருக்குண்ட வேரோ பொன்சாய் வல்லார் விரும்பித் தேடும் வடிவுடையது. புரட்டாதியிலேயே கோயிலாரிடத்தும் கமக்கார அமைப்பினரிடத்தும் கேட்டுவைத்து, முதன்மழையோடு பெயர்த்து, இலையைக் குறைத்து நிழலில் வைக்க. தட்டுக்கு அவசரமில்லை, முதலில் மண்சட்டியே போதும்.