பொருளாதாரம் படித்தவனுக்குச் சிவகாசியில் வேலை இல்லையா?

கல்லூரிச் சேர்க்கை வந்துவிட்டால் விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்துப் பெற்றோர் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "பொருளாதாரமும் சரித்திரமும் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" பயர் ஆபீசில் மருந்து செலுத்தியும், முன்பணக் கடனில் முழுகியும் பிள்ளையைப் படிக்க வைப்பவர்களின் கேள்வி இது. நியாயமான கேள்வி. "அறிவுக்காகப் படி" என்று அவர்களுக்கு உபதேசம் செய்ய நாம் தயாராக இல்லை.

ஆனால் இந்தக் கரிசல் மண்ணுக்கும் அந்தப் படிப்புக்கும் உள்ள உறவு பழையது. 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தனுப்பினார். நிலம் யாருடையது, கடன் எவ்வளவு, கூலி என்ன என்று கேட்டு எழுதச் சொன்னார். அப்படி எழுதப்பட்ட கிராமங்களில் ஒன்று சிவகாசிக்கு அருகிலுள்ள வடமலாபுரம். 1918-இல் அவை புத்தகமாக வந்தன. 1930-களின் பிற்பகுதியில் அதே ஊர் மறுபடி ஆராயப்பட்டது. 1983-இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் மீண்டும் போனார்கள். முதலில் ஒரு மாணவன் எழுதி வைத்ததால்தான் பின்னால் போனவர்களுக்கு ஒப்பிட ஒரு கணக்கு இருந்தது. (ஆராய்ச்சி செய்யச் சீமைக்குப் போக வேண்டியதில்லை, டவுன் பஸ் போதும்!)

2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல் பலியாயினர். மருந்து ஏன் வெடித்தது என்பதை ரசாயனம் படித்தவர் சொல்லிவிடுவார். ஒரே அறையில் அளவுக்கு மேல் ஆட்கள் ஏன் அடைக்கப்படுகிறார்கள்? அதைப் பீஸ் ரேட்டும், தீபாவளி ஆர்டரும், முன்பணமும் அறிந்தவரே சொல்ல முடியும். லைசென்ஸ் ஒருவர் பெயரில், அறைகள் உள்குத்தகையில் பலர் கையில் என்றால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கும்? செத்தவளின் குடும்பத்துக்கு எவன் பொறுப்பு?

சரி, வேலை எங்கே? தொழிலாளர் துறை ஆய்வாளர், புள்ளியியல் துறை, 1961-இல் ஏற்பட்ட இந்தியப் பொருளாதாரப் பணி என்று வாசல்கள் உண்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 500 தொழிலாளர் உள்ள ஆலைக்கு நல அதிகாரி வேண்டும் என்றது. 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு அதை 250 ஆக்கியது. சமூக அறிவியல் படித்தவருக்கென்றே அமைந்த பதவி அது. ஆனால் ஓர் ஆலையைப் பல பெயர்களில் துண்டு போட்டுவிட்டால் அந்த நாற்காலியும் மாயமாகிவிடும்! எனவே படித்தவனுக்கு வேலையில்லை என்பது பாதிக் கதை. அவன் வந்து கணக்குப் பார்ப்பதை விரும்பாதவர்கள் இருக்கிறார்கள் என்பது மறுபாதி.

விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947-இலும், சிவகாசி அய்யநாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963-இலும் தோன்றியவை. வணிகமும் தீப்பெட்டியும் பட்டாசும் ஈட்டிய பணம் இவ்வட்டாரத்துக் கல்விக்கு உதவியது. அந்தப் பணத்தில் தொழிலாளியின் வியர்வையும் உண்டு. இக்கல்லூரிகளும் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் ஸ்லேட்டரின் கேள்வித்தாளைத் தூசி தட்டி எடுக்கட்டும். கூலி, முன்பணம், உள்குத்தகை, தீக்காயம்பட்டவரின் இன்றைய பிழைப்பு ஆகியவற்றை மாணவர்கள் ஆண்டுதோறும் ஊர் ஊராக எழுதட்டும். அதற்கான படியைச் சர்க்கார் கொடுக்கட்டும். இம்மாவட்டத்தில் ஆய்வாளர் பதவிகளில் எத்தனை காலி என்பதையும் சர்க்கார் வெளியிட்டு, அடுத்த தீபாவளி ஆர்டர் தொடங்குமுன் அவற்றை நிரப்ப வேண்டும்.