சிறிய ராக்கெட்டின் அடுத்த சோதனை

2024 ஆகஸ்ட் 16 அன்று எஸ்எஸ்எல்வி ராக்கெட் தனது மூன்றாவது பயணத்தில் வென்றதும், அதை உருவாக்கும் கட்டம் நிறைவடைந்ததாக இஸ்ரோ அறிவித்தது. சந்தை வைக்கும் சோதனை இனிமேல்தான் தொடங்குகிறது.

34 மீட்டர் உயரமுள்ள இந்த ராக்கெட், 500 கிலோ எடையை 500 கி.மீ. உயரத்துக்குக் கொண்டுசெல்லும். பெரிய ராக்கெட்டில் இடம்பிடிக்கும் சிறு செயற்கைக்கோள், பேருந்துப் பயணியைப் போல, அது புறப்படும் நேரத்துக்கும் செல்லும் பாதைக்கும் கட்டுப்பட்டாக வேண்டும். எஸ்எஸ்எல்வியோ வாடகைக் கார். ஆனால், பேருந்துக் கட்டணம்தான் மலிவு. 2017இல் பிஎஸ்எல்வி ஒன்றே 104 செயற்கைக்கோள்களைச் சுமந்து சென்றது. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனமும் இத்தகைய கூட்டுப் பயணங்களை நடத்துகிறது. எனவே, கேட்ட நேரத்தில் புறப்படுவதே எஸ்எஸ்எல்வியின் பலமாக முடியும்.

அதற்கு இரண்டு தேவைகள். ஒன்று, தொடர் உற்பத்தி. அதற்கான தொழில்நுட்பத்தைப் பெற 2025 ஜூனில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தேர்வானது. மற்றொன்று, தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரப்பட்டினம் ஏவுதளம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே செல்லும் ராக்கெட் இலங்கையைச் சுற்றிச் செல்வதால் எரிபொருள் வீணாகிறது; சுமக்கும் எடை குறைகிறது. சிறிய ராக்கெட்டுக்கு அது பேரிழப்பு. குலசேகரப்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே செலுத்தலாம்.

வேகம் மட்டும் போதாது. 2022 ஆகஸ்டில் நடந்த முதல் பயணத்தில், இரண்டாம் நிலை பிரிந்தபோது எழுந்த அதிர்வில் உணரிகள் தடுமாறியதால் செயற்கைக்கோள்கள் பறிபோயின. எண்ணிக்கைக்காகத் தரப் பரிசோதனையைத் தளர்த்தினால், மலிவு விலையே பெருஞ்செலவாகிவிடும்.