மின்கம்பிக்கும் ஒரு பேரேடு வேண்டும்

வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடுகள் அமைக்கக் கடன் நாடி வங்கிக் கிளைகளுக்கு வருவோர் பெருகியிருக்கின்றனர். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. அதன் ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. எஞ்சிய தொகைக்கு அரசுத்துறை வங்கிகள் பிணையில்லாக் கடன் வழங்குகின்றன. குடும்பங்கள் போடும் கணக்கு எளியது: மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகை மாதத் தவணையைத் தாங்கிக்கொள்ளும். பெரும்பாலும் அக்கணக்கு பொய்ப்பதில்லை. ஆயினும் அதில் இடம்பெறாத ஓர் உறுப்பினர் உண்டு. தெருமுனையில் நிற்கும் மின்மாற்றியே அது.

நம் நாட்டு மின்பகிர்மானக் கட்டமைப்பு ஒருவழிப் பாதையாகவே அமைக்கப்பட்டது. துணை மின்நிலையத்திலிருந்து 11 கிலோவோல்ட் மின்பாதை, அதிலிருந்து மின்மாற்றி, அங்கிருந்து வீடுகள். நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாய்வதுபோல் மின்சாரம் கடைசி வீட்டுக்குச் செல்லும்போது அழுத்தம் சற்றுக் குறையும். அதை ஈடுகட்டும் வகையில் தொடக்கத்திலேயே அழுத்தத்தைச் சற்று உயர்த்தி வைப்பது வழக்கம். இப்போது 100 கே.வி.ஏ. மின்மாற்றி ஒன்றைச் சார்ந்த இருபது வீடுகள் தலா மூன்று கிலோவாட் அமைத்துவிட்டன என்று கொள்வோம். நண்பகலில் வீட்டார் வேலைக்குச் சென்றிருக்க, அறுபது கிலோவாட் வரை எதிர்த்திசையில் ஏறுகிறது. பாதையின் கடைக்கோடியில் மின்னழுத்தம் வரம்பைத் தாண்டுகிறது. அங்குள்ள இன்வெர்ட்டர்கள் தம்மைத் தாமே துண்டித்துக்கொள்கின்றன. பாதுகாப்புக்காக அவ்வாறுதான் அவை செய்யப்பட்டுள்ளன. வெயில் உச்சத்தில் இருக்கும் வேளையில் உற்பத்தி நின்றுபோகிறது. தவணைத் தேதி மட்டும் மாறுவதில்லை.

2024இல் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகள், பத்துக் கிலோவாட் வரையிலான கூரை அமைப்புகளுக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்றும், முழுமையாக அளிக்கப்பட்ட விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கருதப்படும் என்றும் கூறுகின்றன. அலுவலகப் படிகளில் மாதக்கணக்கில் காத்திருந்த நுகர்வோருக்கு இது நல்ல விதி. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் வீடு வீடாகப் பார்த்து வந்த அந்தச் சோதனை நீங்கிய பின், மின்பாதை எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வேறொருவர் வேண்டும். அந்தப் பொறுப்பு இனி மென்பொருளின் தோளில்தான் விழும்.

மேம்பட்ட பகிர்மான மேலாண்மை அமைப்பு என்று அம்மென்பொருளைக் குறிக்கின்றனர். ஆங்கிலச் சுருக்கம் ஏ.டி.எம்.எஸ். வங்கி வாடிக்கையாளருக்கு நன்கு தெரிந்த ஏ.டி.எம். உடன் ஓரெழுத்து கூடியதுபோல் தோன்றினாலும், இரண்டுக்கும் உறவில்லை. துணை மின்நிலையங்களிலும் மின்பாதைகளிலும் உள்ள கருவிகளின் அளவீடுகளை இது ஓரிடத்தில் திரட்டுகிறது. எங்கே பழுது என்று கணித்து, பழுதுற்ற பகுதியை மட்டும் பிரித்து, மற்றவர்களுக்கு வேறு பாதை வழியாக மின்சாரத்தைத் திருப்பிவிடுகிறது. மின்னழுத்தத்தை எங்கே உயர்த்துவது, எங்கே தாழ்த்துவது என்பதையும் சொல்கிறது. சூரியத் தகடுகளும் மின்வாகனங்களும் பெருகப் பெருக, இக்கணிப்புகளை மனிதர் கையால் செய்து முடிக்க இயலாது.

இதற்கான சந்தை விந்தையானது. உலகளவில் ஷ்னைடர் எலக்ட்ரிக், சீமென்ஸ், ஜி.இ. வெர்னோவா, ஹிட்டாச்சி எனர்ஜி, ஆரக்கிள் போன்ற சில நிறுவனங்களே பெருமளவில் விற்கின்றன. வாங்குவோரும் சிலரே, இந்தியாவில் அவர்களுள் பெரும்பான்மையினர் மாநில அரசுகளுக்குச் சொந்தமான பகிர்மான நிறுவனங்கள். ஒருமுறை வாங்கினால் பல ஆண்டுகள் மாற்ற முடியாது. கடைக்குச் சென்று விலை விசாரித்து வாங்கும் பொருளன்று இது. ஒப்பந்தப்புள்ளி, நிறுவுதல், பராமரிப்பு என்று நீளும் ஓர் உறவு. அந்த உறவில் எவர் கை ஓங்கியிருக்கும் என்பதை முதல் ஒப்பந்தத்தின் வாசகமே தீர்மானித்துவிடுகிறது.

பணத்துக்குப் பஞ்சமில்லை. 2008இல் தொடங்கிய மத்திய அரசின் மின்பகிர்மானச் சீர்திருத்தத் திட்டம், நான்கு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகையும் ஆண்டுக்கு 35 கோடி யூனிட் மின்பயன்பாடும் உள்ள நகரங்களில் இத்தகைய கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கு நிதியளித்தது. 2021இல் வந்த புதிய திட்டத்தின் மதிப்பு 3,03,758 கோடி ரூபாய். 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்துவதும் அதன் இலக்கு. ஆனால் பணம் மென்பொருளையும் மீட்டரையும் வாங்கித் தருமே அன்றி, அவற்றுக்கு ஊட்டவேண்டிய உண்மையை வாங்கித் தராது. என் வாதம் முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் நிற்கிறது.

எந்த வீடு எந்த மின்மாற்றியில், அதிலும் மூன்று கம்பிகளில் எந்தக் கம்பியில் இணைந்துள்ளது என்ற பதிவே அந்த உண்மை. கேட்க எளிதாக இருக்கும். நடைமுறையில் ஒரு மின்மாற்றி எரிந்துபோனால் பக்கத்துத் தெரு மின்மாற்றிக்குப் பத்து வீடுகளை இரவோடு இரவாக மாற்றிவிடுவர். மறுநாள் மின்சாரம் வந்துவிட்டதால் எவரும் கேள்வி கேட்பதில்லை. பதிவேட்டில் அந்த வீடுகள் பழைய இடத்திலேயே இருக்கும். 2008ஆம் ஆண்டுத் திட்டமே நுகர்வோரை மின்மாற்றி வாரியாக அட்டவணைப்படுத்தவும் வரைபடம் தயாரிக்கவும் நிதி ஒதுக்கியது. ஆனால் அட்டவணை தயாரிப்பது ஒருமுறை முடியும் வேலை. அதை அன்றாடம் திருத்தி வருவது முடிவில்லாத வேலை. முன்னதற்கு ஒப்பந்தக்காரர் கிடைப்பார். பின்னதற்குப் பிரிவு அலுவலகத்தில் ஓர் ஆள் வேண்டும்.

வங்கிகள் கோர் பேங்கிங் முறைக்கு மாறிய காலம் வாசகர்களில் மூத்தோருக்கு நினைவிருக்கும். கிளைதோறும் தனித்தனிப் பேரேடுகள் இருந்தன. புதிய கணினிக்கு மாற்றுமுன் ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் ஊழியர்கள் சரிபார்த்தனர். இருப்பு ஒத்துப்போகாத கணக்கைக் கணினிக்குள் ஏற்றினால் பிழை வேகமாகப் பரவுமே தவிர, மறையாது. அதன் பிறகும் நாள்தோறும் கணக்கு நேர்செய்யப்படுகிறது. மின்பகிர்மான நிறுவனங்களில் மென்பொருள் வந்துவிட்டது; அந்த நேர்செய்யும் பழக்கம் வரவில்லை.

இது நடவாத காரியமன்று. 2002 ஜூலையில் டில்லியின் மின்பகிர்மானம் பிரிக்கப்பட்டபோது, வட டில்லிப் பகுதியில் உள்ளே வந்த மின்சாரத்தில் பாதிக்கு மேல் கசிவிலும் திருட்டிலும் வசூலாகாத கட்டணத்திலும் போய்க்கொண்டிருந்தது. இன்று அங்கு அந்த இழப்பு ஒற்றை இலக்கத்தில் நிற்கிறது. பொறுப்பேற்ற டாடா பவர் குழும நிறுவனம் முதலில் மீட்டர்களையும் வரைபடத்தையும் தொலைக்கட்டுப்பாட்டு அமைப்பையும் செம்மைப்படுத்தியது. உயர்வகை மேலாண்மை மென்பொருள் அவற்றுக்குப் பின்னரே வந்தது. தனியார் கைக்குப் போனதால்தான் இது நிகழ்ந்தது என்பாருண்டு. அந்த வரிசைமுறைக்கு உரிய பங்கை அவர்கள் கொடுப்பதில்லை என்பது என் எண்ணம். வரிசைமுறையை எந்த அரசு நிறுவனமும் பின்பற்றலாம்.

பிழையான பதிவால் இழப்பது பணம் மட்டுமன்று. பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறும் லைன்மேன், கட்டுப்பாட்டு அறை 'மின்சாரம் நிறுத்தப்பட்டது' என்று சொல்வதை நம்பியே ஏறுகிறார். திரையில் அணைந்து தெரியும் கம்பி, பதிவில் இல்லாத மற்றோர் இணைப்பின் வழியாக உயிரோடு இருக்கக்கூடும். கம்பியைச் சோதித்து நிலத்தோடு இணைத்த பின்பே வேலை தொடங்கவேண்டும் என்ற விதி அதற்காகத்தான் இருக்கிறது. மழையிரவில், நான்கு தெருக்கள் இருளில் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருக்கும்போது அவ்விதி தளர்வதும் உண்டு. தவறான வரைபடத்தைப் பளிச்சென்று காட்டும் திரை, வரைபடமே இல்லாத நிலையைவிட ஆபத்தானது.

அடுத்தது உடைமை. மின்பாதைகளின் எண்ணிய வரைபடமும் தரவுகளும் விற்பனையாளரின் தனி வடிவத்தில் சிறைப்பட்டால், பத்தாண்டுக்குப் பின் வேறு நிறுவனத்துக்கு மாறும் செலவே புதியதை வாங்கும் செலவை மிஞ்சலாம். இதற்கு மாற்று வழி உலக மின்துறையில் முன்பே உள்ளது: சி.ஐ.எம். எனப்படும் பொதுத் தகவல் மாதிரி, ஐ.இ.சி. தரநிலைகளாக வெளியாகியிருக்கிறது. 2016இல் வந்த யு.பி.ஐ., எந்த வங்கியின் செயலியிலிருந்தும் எந்த வங்கிக் கணக்குக்கும் பணம் அனுப்ப வழிசெய்தது பொது மொழி ஒன்றை வகுத்ததனால்தான். 2025இல் மத்திய மின் அமைச்சகம் 'இந்தியா எனர்ஜி ஸ்டாக்' எனும் எண்ணியக் கட்டமைப்பை வகுக்கப் பணிக்குழு அமைத்தது. அக்குழு தரும் தரநிலை விருப்பத்துக்குரிய பரிந்துரையாக நின்றுவிடக் கூடாது. பொதுப்பணத்தில் வாங்கும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் நிபந்தனையாகவேண்டும். தரவு நிறுவனத்துக்கே சொந்தம், கேட்டவுடன் பொது வடிவத்தில் திருப்பித் தரவேண்டும் என்ற இரண்டு வரிகள் ஒப்பந்தப்புள்ளியில் இருந்தால் போதும். பதிவைத் திருத்தும் ஊழியருக்கான ஊதியமும் அதே திட்டச் செலவில் சேரவேண்டும். நிதித்துறையினர் இதைத்தான் முதலில் வெட்டுவர் என்பதால் குறிப்பாகச் சொல்கிறேன்.

இதற்கிடையில், கூரை அமைப்புக்குக் கடன் பெற எண்ணும் வாடிக்கையாளர் ஒன்று செய்யலாம். தம் இணைப்பு எந்த மின்மாற்றியைச் சேர்ந்தது, அதன் திறன் என்ன, அதில் ஏற்கெனவே எத்தனை கிலோவாட் சூரிய மின்சாரம் இணைந்துள்ளது என்று பகுதி மின்அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்கலாம். விடை சொல்ல அலுவலர் கணினித் திரையைப் பார்க்கிறாரா, லைன்மேனைத் தொலைபேசியில் அழைக்கிறாரா என்பதையும் கவனிக்கலாம்.