இரண்டு கசிவுகள், அதே வாளி

தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் அவர்களுக்கு,

வடசென்னையிலிருந்து கோட்டைக்கு வரும் மனுக்களின் கதி தாங்கள் அறிந்ததே. எண்ணூர் மீனவக் கிராமங்கள் கொசஸ்தலை ஆற்றுக்காகப் பல ஆண்டுகளாக மனு கொடுத்து வருகின்றன. சாம்பல் கழிவுக்கு ஒன்று, அனல்மின் நிலையத்துச் சுடுநீருக்கு ஒன்று, முகத்துவாரம் தூர்ந்து போனதற்கு ஒன்று. எந்தத் துறையில் கொடுத்தாலும் அது வேறு துறையின் வேலை என்றாகிவிடுகிறது. எல்லாத் துறைகளும் வந்து சேரும் மேசை தங்களுடையது என்பதால் இந்த மடலை ஊரறியத் தங்களுக்கு எழுதுகிறேன். சட்டத்தையும் விதியையும் எடுத்துச் சொல்லப் போவதில்லை. அவை தங்களுக்குத் தெரியும். நடந்த ஒன்றை மட்டும் முழுதாக எடுத்து வைக்கிறேன்.

2023 டிசம்பர் 4ஆம் தேதி, மிக்ஜாம் புயல் மழையில் மணலி மூழ்கியது. சென்னை பெட்ரோலிய நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வெள்ளம் எண்ணெயை வாரிக்கொண்டு பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கியது. அங்கிருந்து கொசஸ்தலை ஆறு, எண்ணூர் முகத்துவாரம், கடல். கரையோர வீடுகளின் சுவரில் வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்தது. படகு, வலை, அலையாத்தி வேர், கூழைக்கடாவின் இறகு என எதையும் அந்த எண்ணெய் விட்டுவைக்கவில்லை. எங்கள் குழாய் எதிலும் கசிவில்லை என்று நிறுவனம் முதலில் சொன்னது. ஆலையின் மழைநீர் வடிகால் ஏற்பாட்டில் இருந்த குறைதான் காரணம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிற்பாடு சொன்னது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கெடுத்துக் கெடு வைத்து நெருக்க வேண்டியிருந்தது. இதற்கிடையில் எண்ணெயை அள்ளியவர்கள் காட்டுக்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்கள். தங்கள் பைபர் படகுகளில் போய் வாளியாலும் வெறுங்கையாலும் அள்ளி டிரம்களில் ஊற்றினார்கள். முறையான மிதவைத் தடுப்புகளும் உறிஞ்சும் இயந்திரங்களும் போதிய அளவில் வருவதற்குள் எண்ணெய் கடலைத் தொட்டுவிட்டது.

இது முதல் தடவையாக இருந்தால் மன்னிக்கலாம். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எர்ணாவூர் கரையில் தார் போல ஒதுங்கிய எண்ணெயை மீனவர்களும் மாணவர்களும் கடலோரக் காவல்படையினரும் பிளாஸ்டிக் வாளிகளில் அள்ளிக் கைமாற்றிய படங்களை உலகம் பார்த்தது. கசிவு இல்லை என்றே அப்போதும் முதலில் சொன்னார்கள். மூன்று துறைமுகங்களும் ஒரு சுத்திகரிப்பு ஆலையும் நெருக்கியடித்து நிற்கும் கரை இது. இன்னொரு நாள் இங்கே எண்ணெய் கொட்டும் என்று ஊகிக்கப் பெரிய நிபுணர் தேவையில்லை. விழிப்புள்ள ஓர் அரசு அந்த வாரமே முகத்துவாரத்தில் மிதவைத் தடுப்புகளை வாங்கி வைத்திருக்கும். குப்பத்து இளைஞர்களுக்குப் பயிற்சியும் கையுறையும் கூலியும் கொடுத்திருக்கும். ஒவ்வோர் ஐப்பசிக்கு முன்பும் ஒவ்வோர் ஆலையின் வடிகாலையும் திறந்து பார்த்திருக்கும். ஏழாண்டுகள் நிறையப்போகும் வேளையில் இரண்டாவது கசிவு வந்தது. இடையில் ஆட்சி மாறியிருந்தது, வாளி மாறவில்லை.

புயலுக்கு அரசு என்ன செய்யும் என்று கேட்பார்கள். மழை வரப்போகிறது என்று வானிலை மையம் நாட்கணக்கில் எச்சரித்தது. மணலி தாழ்வான பகுதி என்பதும் ஆலைத் தரையில் விழும் மழை கால்வாய்க்குத்தான் போகும் என்பதும் புயல் கொண்டுவந்த புதுச் செய்திகள் அல்ல. அந்த ஆலை மத்திய அரசு நிறுவனத்தினுடையது, மாநிலத்தின் கை எட்டாது என்பார்கள். கால்வாய் மாநிலத்தினுடையது, ஆறு மாநிலத்தினுடையது, மீன்வளத் துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மாநிலத்தினுடையவை. எண்ணெய்க் கசிவுக்கான மாநில நெருக்கடி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தை அப்போது நடத்தியவரே தலைமைச் செயலாளர்தான். நிவாரணம் கொடுத்தோமே என்பார்கள். கொடுத்தீர்கள். 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000, பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. மொத்தம் 8 கோடியே 68 லட்சம். எண்ணெய் ஏறிய வலை மறுபடி கடலுக்கு உதவாது. சேற்றில் கைவிட்டு இறால் தடவிப் பிழைக்கும் பெண்ணுக்கு அந்தச் சேறே போய்விட்டது. அந்தப் பணத்தில் எத்தனை மாதம் அடுப்பெரியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? பொதுநலம் காக்கும் அரசு விபத்துக்கு முன்னால் வந்து நிற்கும். நம் அரசு பின்னால் காசோலையோடு வருகிறது.

கண்டிப்புக் காட்டினால் தொழில் ஓடிவிடும், வேலை போய்விடும் என்ற வாதத்தை நான் லேசாகத் தள்ளவில்லை. வியாசர்பாடியிலும் திருவொற்றியூரிலும் எத்தனையோ வீடுகளில் ஆலைச் சம்பளத்தில்தான் சோறு வேகிறது. 1996இல் பி அண்ட் சி மில் மூடப்பட்டபோது வேலையிழப்பு என்றால் என்னவென்று இந்தப் பக்கம் நன்றாகவே பார்த்தது. ஆனால் மீன் பிடிப்பதும் வேலைதான். அந்த வேலை போனதற்குக் காரணம் கண்டிப்பு இல்லாததுதான். அரசால் எல்லாவற்றையும் கண்காணிக்க முடியுமா என்ற கேள்வியையும் இந்த மாநிலம் கேட்கக் கூடாது. 1939லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் இது. 1982இல் சத்துணவு தொடங்கியபோது பணம் எங்கே என்றார்கள், பிள்ளைகள் சாப்பிட்டார்கள். 2003இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்று ஓர் அரசு உறுதியாக நின்றபோது, சென்னையில் வீடு வீடாகக் குழாய் பதித்தார்கள். லட்சக்கணக்கான மொட்டை மாடிகளுக்குள் எட்டிப் பார்க்க முடிந்த அரசால் மணலியின் சில ஆலைகளின் வடிகாலுக்குள் பார்க்க முடியாதா? முடியும். பார்க்க வேண்டும் என்று யாரும் முடிவெடுக்கவில்லை.

வடக்கே கொண்டுவந்து வைப்பதென்றால் மட்டும் அரசு ஒருநாளும் சோம்பி இருந்ததில்லை. 1960களில் சுத்திகரிப்பு ஆலையை மணலிக்குக் கொண்டுவந்தது அரசு. அனல்மின் நிலையங்களை எண்ணூரில் எழுப்பியது அரசு. நகரத்துக் குப்பையை எங்கள் பக்கத்துக் கொடுங்கையூரில் மலையாகக் குவித்தது அரசு. நிலம் எடுக்கவும் சாலை போடவும் இருந்த சுறுசுறுப்பு, காவல் காக்க வேண்டிய இடத்தில் எங்கே போகிறது? 2023-24 வரவு செலவுத் திட்டத்தில் வடசென்னைக்கு 1,000 கோடி ரூபாய் அறிவித்தீர்கள். பள்ளிக்கும் பாலத்துக்கும் நன்றி. எந்த ஆலை எதைக் கால்வாயில் விடுகிறது என்று பார்க்கும் ஆளுக்குப் பாலம் ஈடாகாது.

எண்ணெய் கசிந்த இருபத்திரண்டாம் நாள், டிசம்பர் 26 நள்ளிரவு, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து கோரமண்டல் உர ஆலையின் அம்மோனியா கசிந்தது. மூச்சு முட்டி விழித்தவர்கள் ஒருவரையொருவர் எழுப்பிக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். காற்று வேறு திசையில் கனத்து வீசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்கள் அதிகாரிகள் யாராவது யோசித்தார்களா? போபால் நடந்ததும் ஒரு டிசம்பர் நள்ளிரவில்தான். அதிகாரிகள் குடியிருக்கும் தெருவில் ஒரு மாதத்துக்குள் எண்ணெயும் நஞ்சுக்காற்றும் வந்திருந்தால், குழு அமைத்துவிட்டு உறங்கப் போயிருப்பீர்களா? எங்கள் பிள்ளைகளின் நுரையீரலும் அதே சதைதான்.

வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் மணலி, எண்ணூர் ஆலைகள் ஒவ்வொன்றின் வடிகாலும் சோதிக்கப்பட்டு, முடிவு அந்தந்த வார்டு அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். முகத்துவாரத்தில் எந்தக் கருவி இருக்கிறது, யார் பொறுப்பு, அபாயச் சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஓடுவது என்பதும் அதில் இருக்க வேண்டும். அடியில் உங்கள் கையெழுத்து இருக்கட்டும். அடுத்த கசிவின்போது யாரிடம் போய்க் கேட்பது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
வியாசர்பாடிவாசி ஒருவர்