நம் பெண்மக்களின் நலமும் நாணமும்

நாணம் ஈமானின் ஒரு கிளை எனக் கற்பிக்கப்பெற்ற சமுதாயம் நம்முடையது. அந்த நாணத்தைக் குறையென்று எவரும் கூறத் துணியார். ஆயினும், அதையே காரணங்காட்டிப் பெண்மக்களின் உடல்நலம் பற்றிய செய்தியை இல்லத்தின் வாயிற்படியிலேயே தடுத்து நிறுத்துவது முறைதானா? மார்க்க விளக்கம் கேட்டறிய நாணம் தடையாகவில்லை என அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதை அறிந்தோர், இச்செய்தியையும் பொறுமையுடன் செவிமடுப்பார்கள் என நம்புகிறோம்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. எனப்படும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்று கண்டறிந்தமைக்காக ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹௌசனுக்கு 2008ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பெற்றது. இவ்வைரஸின் பல வகைகளுள் 16, 18 என்னும் இரண்டே இந்நோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணமாகின்றன.

இது உடலுறவின் வழியே பரவுவது என்று சொன்ன மாத்திரத்தில், "எங்கள் பிள்ளைகள் ஒழுக்கமாக வளர்ந்தவர்கள், எங்களுக்கு இது எதற்கு?" என்று பேச்சை முடித்துவிடுவோர் உளர். ஒழுக்கமுள்ள மனைவிக்கும் கணவனின் வழியே, அவனே அறியாத தொற்று வந்து சேரலாம். நம் மார்க்கம் அனுமதித்துள்ள மறுமணத்தில், முந்தைய துணையிடமிருந்து பெற்ற தொற்று அடுத்த துணைக்குச் செல்லலாம். பல்லாண்டுகள் வெளித்தெரியாமல் உடலில் தங்கியிருந்து பின்னர் தலைகாட்டுவதும் உண்டு. ஆகவே, பரிசோதனையில் தொற்று தெரிந்துவிட்டது என்பதற்காக மனைவியின் மீதோ கணவனின் மீதோ ஐயங்கொள்வது பெரும் அநீதியாகும். ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு குடும்பத்தைக் குலைத்துவிடாதீர்கள்!

அச்சமும் வேண்டியதில்லை. தொற்றுக்கு ஆளான பெண்களில் பத்தில் ஒன்பது பேரளவில், ஓரிரு ஆண்டுகளுக்குள் மருந்தேதுமின்றி உடலே அதை அடக்கிவிடுகிறது. இது வல்ல இறைவன் உடலுக்குள் வைத்த காவல். இளம் பெண்களிடம் இக்காவல் சிறப்பாகவே பணியாற்றுகிறது. அதனால்தான் பொதுவாக 30 வயதுக்குப் பிறகே இதற்கான பரிசோதனையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. தானே மறையக்கூடிய ஒன்றுக்காக இருபது வயதுப் பெண்ணின் கருப்பை வாயில் ஒரு பகுதியை வெட்டியெடுத்தால், பின்னாளில் அவளுக்குக் குறைப்பிரசவம் நேரும் வாய்ப்பு கூடுகிறது.

அப்படியானால் இயற்கையான எதிர்ப்பாற்றலே போதுமே என்பார்கள். போதாது என்பதே நம் கருத்து. இவ்வைரஸ் இரத்தத்தில் கலப்பதில்லை. மேற்றோலின் அணுக்களுக்குள்ளேயே, அவற்றை அழிக்காமல், அழற்சியும் உண்டாக்காமல் ஒளிந்து வாழ்கிறது. ஓசையின்றி நுழைந்த திருடனைக் காவலன் எவ்வாறு அறிவான்? தொற்று வந்துபோன பெண்கள் பலரின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் தென்படுவதே இல்லை. தென்பட்டாலும் அதன் அளவு குறைவு; அதே வகை மீண்டும் தொற்றவும் கூடும். உடலால் அடக்கப்படாமல் எஞ்சும் தொற்றோ, பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகளில், பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கும் பருவத்தில், புற்றுநோயாக வெளிப்படக்கூடும்.

தடுப்பூசி உடலுக்குப் புதியதோர் ஆற்றலைக் கொடுப்பதன்று. இறைவன் தந்த ஆற்றலையே முன்கூட்டித் தட்டியெழுப்புகிறது. அதில் உயிருள்ள வைரஸ் இல்லை. மேலுறையைப் போன்ற புரதம் மட்டுமே உள்ளது. எனவே அதனால் இந்நோய் வாராது. இயற்கைத் தொற்றினால் உண்டாவதைவிடப் பன்மடங்கு எதிர்ப்பொருளை அது உண்டாக்குகிறது. ஆனால் ஏற்கெனவே உள்ள தொற்றை அகற்ற அதனால் இயலாது. ஆகையால்தான் மணவாழ்வுக்கு நெடுநாள் முன்னரே, 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்கிறார்கள். சிறுமிக்கு ஊசி போடுவது தவறான வழிக்கு அவளை அனுமதிப்பதாகும் என்பது விந்தையான வாதம்! முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலேசியாவில், 2010ஆம் ஆண்டு முதலே 13 வயதுச் சிறுமியருக்கு அரசாங்கம் இதை இலவசமாக வழங்கத் தொடங்கியது. நம்மவர் பலரின் உறவினர் வாழும் நாடு அது, அவர்களிடம் கேட்டறியலாம்.

மணமாகிக் குழந்தைகளும் பெற்றுவிட்ட தாய்மார்களுக்கு உரியது பரிசோதனை. 30 வயதைக் கடந்தோருக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதைச் செய்கிறார்கள். சில நிமிடங்களே பிடிக்கும். பெண் செவிலியரே செய்யவேண்டுமெனக் கேட்பதில் தவறொன்றுமில்லை. தடுப்பூசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை என்பதால், இன்று ஊசி போட்டுக்கொள்ளும் சிறுமியும் 30 வயதில் இப்பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும்.