கவர்மென்ட் பஸ்ஸா, பிரைவேட் பஸ்ஸா? கேட்க வேண்டிய கேள்வியே வேற!

தனியார் பஸ் ஒன்று வந்து நிற்கிறது. கண்டக்டர் ஊர்ப்பேரைக் கூவுகிறார். சீட்டும் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால், நிழற்குடையில் உட்கார்ந்திருக்கும் அக்காக்கள் அசைவதாக இல்லை. ''இது போகட்டும்... பின்னாடியே நம்ம பஸ் வரும்!''

'நம்ம பஸ்' என்றால் கவர்மென்ட் டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். எங்கள் ஊர் ஸ்டாப்பில் தினமும் காலையில் நடக்கும் காட்சி இது.

அதே ஸ்டாப், இரவு 9 மணி. ஜவுளிக்கடையில் வேலை முடிந்து வரும் பெண்கள் நான்கைந்து பேர் நிற்கிறார்கள். அப்போது யாரும் 'நம்ம பஸ்' பற்றிப் பேசுவதில்லை. எதாவது ஒண்ணு வந்தா போதும்!

15 நாள், 2 திட்டம்

சென்னையில் 1947-லேயே அரசு பஸ்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. 1972-ல் பல்லவன், சேரன், பாண்டியன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வந்தன. ஆனாலும் மாவட்டங்களில் தனியார் பஸ்கள் காணாமல்போகவில்லை. பெரிய பஸ் நுழையாத கிராமங்களுக்காக 1997-ல் தனியார் மினி பஸ்களும் வந்தன. ஆக, தனியாரைப் பார்த்து நாம் புதிதாக மிரள ஒன்றுமில்லை.

ஆனால், 2025 ஜூனில் நடந்த இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஜூன் 16-ல் தஞ்சாவூரில் புதிய மினி பஸ் திட்டம் தொடங்கப்பட்டது. ஜூன் 30-ல் சென்னை வியாசர்பாடியில் 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. இரண்டிலுமே தனியார் இருக்கிறார்கள். ஆனால், காசு போகும் பாதை வேறு வேறு.

மினி பஸ்ஸில் டிக்கெட் காசு ஓனருக்கு. கூட்டம் இருந்தால்தான் டீசல் காசு தேறும். ராத்திரி டிரிப்பில் நாலு பேர்தான் ஏறுகிறார்கள் என்றால், அந்த டிரிப்பை 'கட்' பண்ணத்தான் மனசு வரும். அவரைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை. அவருக்கு வண்டி லோன் இருக்கிறது.

மின்சார பஸ்ஸில் கணக்கே வேறு. பஸ்ஸை வாங்குவது, ஓட்டுவது, பராமரிப்பது எல்லாம் தனியார் நிறுவனம். கண்டக்டர் மாநகரப் போக்குவரத்துக் கழக ஊழியர். டிக்கெட் காசும் கழகத்துக்குத்தான். எத்தனை கிலோமீட்டர் ஓடியதோ, அதற்கேற்ப நிறுவனத்துக்குப் பணம். ரூட்டை முடிவு செய்வது கழகம். அதனால், தனியார் டிரைவர் ஓட்டும் பஸ்ஸிலும் பெண்கள் இலவசமாகப் போகலாம். கலெக்‌ஷனுக்காக இன்னொரு பஸ்ஸை முந்த வேண்டிய அவசியமும் டிரைவருக்கு இல்லை.

அப்போ இதுதான் பெஸ்ட்டா? அவசரப்படாதீர்கள். கிலோமீட்டருக்குத்தான் காசு என்றால், ஸ்டாப்பில் கைகாட்டுபவரை ஏற்றாமல் போனாலும் நிறுவனத்துக்கு வரவு குறையாது. அதைக் கண்காணித்து அபராதம் போட வேண்டியது அரசு. அந்தப் பிடி தளர்ந்தால், மக்கள் பணத்தில் காலி பஸ் ஓடும். டிரைவர்கள் அரசு ஊழியர்கள் இல்லை என்பதால் தொழிற்சங்கங்கள் எழுப்பும் எதிர்ப்பையும் ஒதுக்கிவிட முடியாது.

மான்செஸ்டர் கற்ற பாடம்

இந்தக் குழப்பம் நமக்கு மட்டுமல்ல. இங்கிலாந்தில் 1986-ல் லண்டன் தவிர மற்ற ஊர்களில் பஸ் ரூட்டையும் கட்டணத்தையும் தனியார் நிறுவனங்களின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். கிரேட்டர் மான்செஸ்டரில் அதைத் திரும்ப அரசின் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவரக் கிட்டத்தட்ட 40 வருடங்கள் ஆயின. 2023 செப்டம்பரில் தொடங்கி 2025 ஜனவரியில் அந்த வேலை முடிந்தது. இன்றும் அங்கே பஸ்ஸை ஓட்டுவது தனியார் நிறுவனங்கள்தான். ஆனால், எந்த பஸ் எங்கே போகணும், டிக்கெட் எவ்வளவு என்று சொல்வது அரசு அமைப்பு.

அதனால், 'தனியார்மயமா, ஐயோ!' என்று பதறுவதும், 'பிரைவேட்னா சூப்பரா இருக்கும்' என்று கைதட்டுவதும் ஒன்றுதான். கேட்க வேண்டியது இதுதான்: நஷ்டம் தரும் டிரிப்புக்குக் காசு கொடுப்பது யார்? பஸ் வரவில்லை என்றால் யாரிடம் கேட்பது?

முழுக்க கவர்மென்ட் பஸ்ஸாகவே இருந்தாலும் இந்தக் கேள்விகள் உண்டு. 'வண்டி ரிப்பேர்', 'டிரைவர் லீவு' என்று டிரிப் ரத்தாகும் கதை நமக்குத் தெரியாததா என்ன?

9 மணி பஸ்ஸில் நாலே டிக்கெட். கணக்குப் புத்தகத்தில் அது நஷ்டம். ஆனால் அந்த பஸ் நின்றால், ஜவுளிக்கடை பெண்ணுக்கு ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டுபடியாகாது. 'போதும், வேலைக்குப் போக வேண்டாம்' என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். அவள் சம்பளம் நின்றுபோன நஷ்டம் எந்தப் போக்குவரத்துக் கழகத்தின் கணக்கிலும் வராது.

உங்கள் ரூட்டில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? அது நேற்று வந்ததா? அங்கிருந்து பேச ஆரம்பிப்போம்.